மனத்தெம்பும் முடக்குவாதமும்: நோயை எதிர்கொள்ளும் விதம் அதன் போக்கை மாற்றுமா?

கேள்வி
4 பிப்ரவரி 2024, இரவு 9.40

என் தாயாருக்கு வயது 58. முடக்குவாதம் என்று உறுதியாகி ஆறாண்டுகள் ஆகின்றன. விரல்கள் கோணத் தொடங்கிவிட்டன. "எல்லாவற்றையும் மனத்துக்குள் போட்டுப் புழுங்குகிறவள், அதனால்தான் இப்படி முற்றிவிட்டது; தைரியமாக இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது" என்று பெரியம்மாவும் சித்தியும் அவர் காதுபடவே பேசுகிறார்கள். இப்போது அவரும் அதை நம்பத் தொடங்கிவிட்டார். ஒருவர் நோயை எந்த மனநிலையோடு எதிர்கொள்கிறார் என்பது நோயின் போக்கை உண்மையிலேயே மாற்றுமா? இதைப் பற்றி ஆய்வு ஏதும் உண்டா?

5 பிப்ரவரி 2024, காலை 6.10

உங்கள் தாயார் புழுங்கியதால் அவருடைய விரல் மூட்டுகள் அரிக்கப்படவில்லை. இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். முடக்குவாதத்தில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது; அந்த அழற்சி அடங்காமல் நீடித்தால் குருத்தெலும்பும் எலும்பின் ஓரங்களும் கரைகின்றன. யாருக்கு வேகமாகக் கரையும், யாருக்கு மெதுவாகக் கரையும் என்பதை இரத்தத்தில் காணப்படும் சில எதிர்ப்புரதங்களும், புகைப்பழக்கமும், எல்லாவற்றுக்கும் மேலாக மருந்து எவ்வளவு விரைவில் தொடங்கி எவ்வளவு ஒழுங்காகத் தொடர்ந்தது என்பதும் பெருமளவு தீர்மானிக்கின்றன.

எனக்கும் இதே நோய். ஆசிரியப் பணியில் இருந்தபோது வந்தது. காலையில் சேலை மடிப்புக்கு ஊக்குக் குத்த முடியாது. ஊக்கின் வாயை அழுத்தித் திறக்கும் வலு கட்டைவிரலில் இருக்காது. பத்து மணிக்கு மேல் அதே விரல் அதே ஊக்கைத் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் என் மனவுறுதி கூடிவிடவில்லை. இரவெல்லாம் ஏறியிருந்த அழற்சி சற்று இறங்கியிருந்தது. ஆனால் ஆசிரியர் ஓய்வறையில், "மனசு வைத்தால் உன்னால் முடிகிறது பார்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அதைக் கேட்டபிறகு முடியாத நாள்களில் எனக்கு வலியோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது.

5 பிப்ரவரி 2024, இரவு 10.25

காலையில் எழுதியதைக் கொஞ்சம் விரிக்க வேண்டியிருக்கிறது. நோய் முற்றிவிட்டது என்று நாம் சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். முதலாவது, அழற்சியின் அளவு: ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகளிலும், மருத்துவர் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து வீக்கத்தையும் நோவையும் எண்ணுவதிலும் தெரிவது. இரண்டாவது, எக்ஸ்ரேயில் தெரியும் சேதம். இது ஏற்பட்டபின் பெரும்பாலும் திரும்பாது. மூன்றாவது, அன்றாடம் படும் பாடு: வலி, அசதி, குக்கர் மூடியைத் திருக முடியாமை, படியேற அஞ்சுவது.

மனத்தின் நிலை இந்த மூன்றையும் ஒரே அளவில் தொடுவதில்லை. மூன்றாவதை அது வலுவாகத் தொடுகிறது. நெதர்லாந்தில் ஆந்த்ரேயா ஏவர்ஸ் குழுவினர் முடக்குவாதம் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வலி வந்தால் ஒதுங்கிப் படுத்துவிடுவது, எதையும் செய்யாமல் தவிர்ப்பது என்ற போக்கு தொடக்கத்திலேயே மிகுந்திருந்தவர்களிடம் பிற்காலச் செயல்திறன் குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. ஆதரவாக இருப்பவர்கள் குறைவாக இருந்தவர்களிடம் செயல்திறன் குறைவோடு வலியும் கூடுதலாக இருந்தது. இரண்டாவதற்கு, அதாவது எலும்பின் சேதத்திற்கு வந்தால், மனநிலை நேராகப் போய் எலும்பைத் தொடுகிறது என்பதற்கு அசைக்க முடியாத சான்று எதையும் நான் கண்டதில்லை. மாத்திரைப் பெட்டி வழியாக, அதாவது மருந்தை ஒழுங்காக எடுப்பது விடுவது வழியாகத் தொடுகிறது என்பதற்குச் சான்று நிறையவே உண்டு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

7 பிப்ரவரி 2024, மாலை 5.30

"போராடும் குணம் உள்ளவர்கள் புற்றுநோயையே வென்றிருக்கிறார்கள்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1979-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டீவன் கிரீரும் உடன் பணியாற்றியவர்களும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட 69 பெண்களை அறுவைச் சிகிச்சைக்கு மூன்று மாதங்களுக்குப் பின் பேட்டி கண்டு, நோயை அவர்கள் எதிர்கொண்ட விதத்தை நான்காகப் பிரித்தார்கள்: போராடும் குணம், மறுப்பு, விதி என்று பொறுத்துக்கொள்ளுதல், கையறு நிலை. ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் இரு வகையினரிடம் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். அந்தக் கட்டுரை உலகெங்கும் பரவிற்று. மருத்துவமனைச் சுவர்களில் போராடச் சொல்லும் வாசகங்கள் ஏறியதற்கு அதற்கும் ஒரு பங்குண்டு என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்தது அவ்வளவாகப் பரவவில்லை. அதே வழிவந்த ஆய்வாளர்கள், மேகி வாட்சன் தலைமையில், 578 பெண்களைக் குறைந்தது ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 1999-இல் அதே லான்செட்டில் முடிவை வெளியிட்டார்கள். போராடும் குணத்தால் உயிர்பிழைப்பில் எந்த நன்மையும் தென்படவில்லை. கையறு நிலை மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் நோய் திரும்பும் அல்லது இறக்கும் வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது. 2002-இல் மார்க் பெட்டிக்ரூவும் மற்றவர்களும் புற்றுநோயாளிகளின் உயிர்பிழைப்பைப் பற்றிய 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோயை எதிர்கொள்ளும் பாணி பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று மிகக் குறைவு என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சாதகமான முடிவுகள் பெரும்பாலும் சிறிய, குறைபாடுள்ள ஆய்வுகளிலிருந்தே வந்திருந்தன.

ஒரு புற்றுநோயாளி இறந்தபின், "அவர் இன்னும் கொஞ்சம் போராடியிருக்கலாம்" என்று சொல்லப்படுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எந்த ஆய்வும் அந்தப் பேச்சுக்குத் துணை நிற்பதில்லை.

7 பிப்ரவரி 2024, இரவு 11.05

மேலே விட்டுப்போன ஒன்று. 1979-ஆம் ஆண்டு ஆய்வில் மறுப்பு நிலையில் இருந்தவர்களும் நன்றாகவே இருந்தார்கள் என்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. போராட்டம் கேட்பதற்கு அழகாக இருக்கிறது. மறுப்பு அப்படி இல்லை.

9 பிப்ரவரி 2024, காலை 7.00

"அப்படியானால் மனத்துக்கும் உடலுக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவே இல்லை. தொடர்பு இருக்கிறது; அதை அளந்தும் இருக்கிறார்கள்.

ஜானிஸ் கீகோல்ட் கிளேசர் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் தோலில் 3.5 மி.மீ. அளவுக்குச் சிறு காயம் உண்டாக்கி, ஆறும் காலத்தைக் கணக்கிட்டார்கள். அந்தச் சுமை இல்லாதவர்களைக் காட்டிலும் அவர்களுக்குக் காயம் ஆற சுமார் 9 நாள்கள் கூடுதலாகப் பிடித்தன. நாள்பட்ட மன அழுத்தம் உடலின் ஆற்றிக்கொள்ளும் வேலையையே தாமதப்படுத்துகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. எச்.ஐ.வி. தொற்றியிருந்த 82 ஆண்களை ஜேன் லெசர்மன் குழு ஏழரை ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2000-இல் எழுதிய கட்டுரையில், துயர நிகழ்வுகள் கூடியவர்களும், நோயை மறுத்தே காலம் தள்ளியவர்களும், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் இரத்தத்தில் மிகுந்தவர்களும் எய்ட்ஸ் நிலையை விரைவாக அடைந்தார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் கொண்ட 121 பேரிடம் டேவிட் மோர் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனையில், மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி நடந்த 24 வாரங்களில் மூளையில் புதிய புண்கள் குறைந்தன. பயிற்சி முடிந்தபின் அந்தப் பலன் நிலைக்கவில்லை. இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒருவருடைய பிறவிக் குணம் அங்கே நோயை அடக்கவில்லை; தொடர்ந்து ஒருவர் உட்கார்ந்து பேசி, பயிற்சி கொடுத்துத் துணை நின்றபோது மாற்றம் இருந்தது, துணை நீங்கியதும் அதுவும் நீங்கியது.

9 பிப்ரவரி 2024, பிற்பகல் 2.20

மறுதிசையையும் மறந்துவிடக் கூடாது. நோய் மனத்தை மாற்றுகிறது. ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுவந்த காலத்தில், அதுவரை மனச்சோர்வே அறியாத பலர் சில வாரங்களில் மனச்சோர்வுக்கு ஆளானார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தை உடலுக்குள் செலுத்தியதே காரணம். முடக்குவாதத்தில் அத்தகைய புரதங்கள் உடலுக்குள்ளேயே பெருகுகின்றன. "அவள் சோர்ந்துபோனாள், அதனால் நோய் கூடியது" என்று உறவினர் சொல்லும்போது, பல நேரங்களில் நோய் கூடியதால்தான் அவள் சோர்ந்திருப்பாள்.

12 பிப்ரவரி 2024, இரவு 9.15

மாத்திரைப் பெட்டியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இதை என் தந்தையாரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அவருக்குச் சர்க்கரை நோய். இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, இனிப்பை விலக்கி, காலையும் மாலையும் நடந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையை அழகான எண்ணாக்கிக் கொண்டுபோய்க் காட்டுவார். மருத்துவர் பாராட்டுவார், வரும் வழியிலேயே பஜ்ஜி வாங்கிக்கொள்வார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை வந்தபின் அந்த வழி அடைபட்டது. உடனே அவர் பரிசோதனைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காலில் புண் வந்தபோது வேட்டியை இழுத்துவிட்டு மறைத்தார். நாங்கள் பார்த்தபோது அது ஆழமாகிவிட்டிருந்தது.

அவர் கோழையில்லை. ஊரில் எந்தச் சண்டையிலும் முன்னால் நிற்பவர். புழுங்குபவரும் இல்லை, கலகலப்பானவர். உங்கள் பெரியம்மாவின் கணக்குப்படி பார்த்தால் அவருக்கு நோய் அடங்கியிருக்க வேண்டும். அவரைக் கெடுத்தது ஒன்றே ஒன்று: கெட்ட செய்தி வரக்கூடிய இடத்திற்கு அவர் போகமாட்டார். அந்தத் தவிர்ப்பு கண்ணுக்குத் தெரியாத ஏதோ சக்தியாக உடலுக்குள் புகுந்து வேலை செய்யவில்லை. விட்டுப்போன ஒவ்வொரு பரிசோதனை வழியாகவும், எடுக்காத ஒவ்வொரு மாத்திரை வழியாகவும் வேலை செய்தது. ஒழுங்கான சிகிச்சை எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான முதல்வகைச் சர்க்கரை நோய் ஆய்வைப் பாருங்கள்: சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில், அதுவரை விழித்திரை பாதிப்பு இல்லாதிருந்தோருக்கு அது புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. மனச்சோர்வு உள்ள நோயாளிகள் மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றாமல் விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று ராபின் டிமாட்டியோ 2000-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தாலே, மனநிலைக்கும் நோய் முற்றுவதற்கும் இடையிலான பாதையின் பெரும்பகுதி தெரிந்துவிடுகிறது.

13 பிப்ரவரி 2024, காலை 6.40

நேற்று எழுதியதைப் படித்த ஒரு செவிலியர், "தவிர்ப்பவர்களை என்னதான் செய்வது, குணத்தை மாற்ற முடியுமா?" என்று கேட்கிறார். குணத்தை மாற்றுவதைவிட ஏற்பாட்டை மாற்றுவது எளிது என்பது என் கருத்து. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. என் தந்தையாரைப் போன்றவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! மருத்துவமனைக்குப் போகும் துணிச்சல் இல்லாதவரும் வாசலில் வந்து நிற்கும் பெண்ணிடம் கையை நீட்டி அளவு பார்த்துக்கொள்வார். அங்கே அவருடைய மனத்தெம்பு குறைவாகவே தேவைப்படுகிறது.

16 பிப்ரவரி 2024, இரவு 10.50

மறுப்பைப் பற்றி எழுதியது என்னை விடவில்லை. தந்தையாரை வைத்துப் பார்த்தால் மறுப்பு கெடுதல். என்னை வைத்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு நோய் உறுதியான புதிதில் அந்த அறிக்கையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல், விடைத்தாள் திருத்திக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருந்தேன். அந்த வாரங்களில் நான் நோயைப் பற்றி நினைக்கவே மறுத்தேன். ஆனால் மாத்திரையை மட்டும் விடவில்லை. அந்த இடைவெளி எனக்குத் தேவைப்பட்டது. உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் விளக்கியபடி, பிரச்சினையை நேரே கையாளுவது ஒரு வகை, அது எழுப்பும் உணர்ச்சியைக் கையாளுவது இன்னொரு வகை. எது நல்லது என்பது அந்த நேரத்தில் எதை மாற்ற முடியும் என்பதைப் பொறுத்தது. மாற்ற முடியாத செய்தியைச் சில நாள் தள்ளி வைப்பதில் கேடு இல்லை. மாற்றக்கூடிய புண்ணைத் தள்ளி வைப்பதில் கேடு இருக்கிறது. மறுப்பவரிடம் நான் கேட்க விரும்புவது இப்போது ஒன்றுதான்: மருந்து தொடர்கிறதா?

18 பிப்ரவரி 2024, மாலை 4.10

இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இரண்டும் மறுபடி மறுபடி எடுத்துக்காட்டப்படுகின்றன. குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசினால் ஆயுள் கூடும் என்ற டேவிட் ஸ்பீகலின் 1989-ஆம் ஆண்டு ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்கள் சராசரியாக 36.6 மாதங்கள் வாழ்ந்தார்கள். குழுவில் சேராதவர்கள் 18.9 மாதங்கள். கனடாவில் பமீலா குட்வின் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்து 2001-இல் வெளியிட்டபோது ஆயுள் கூடவில்லை. மனவேதனையும் வலியும் குறைந்தன. ஸ்பீகலே மீண்டும் செய்து 2007-இல் வெளியிட்டதிலும் ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடவில்லை. அடுத்தது, உணர்ச்சியை அடக்குபவருக்குப் புற்றுநோய் வரும் என்ற கூற்று. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க்கும் அவருடன் ஆய்வு செய்த கிராசார்த் மட்டிசெக்கும் எழுதிய கட்டுரைகளில் 26, நம்பத்தகாதவை என்று 2019-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை அறிவித்தது. ஐசென்க் புகையிலை நிறுவனங்களின் பணம் பெற்றவர் என்பதும் பதிவான செய்தி. புகையை விட்டுவிட்டு நோயாளியின் சுபாவத்தைக் குற்றம் சொல்லும் கொள்கை யாருக்கு வசதி என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

குழுவில் பேசுவதால் ஆயுள் கூடாவிட்டாலும் வலி குறைகிறதே, அது போதாதா? எனக்குப் போதும்.

21 பிப்ரவரி 2024, இரவு 9.30

வலியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் மனம் செய்யக்கூடிய வேலை அங்கேதான் இருக்கிறது. வலி எழும்போதே "இது இனி அடங்கவே அடங்காது, நான் படுத்த படுக்கையாகிவிடுவேன்" என்று பூதாகரமாக்கிக்கொள்ளும் போக்கை அளக்க 1995-இல் மைக்கேல் சல்லிவன் 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். ஒரே அளவு வீக்கம் உள்ள இருவரில், இந்த எண்ணம் மிகுந்தவர் கூடுதல் வலி உணர்கிறார், விரைவில் வேலையை விடுகிறார். வேலையை விட்டால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டு இன்னும் நோகிறது.

ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் மூட்டுநோயாளிகளுக்கு நடத்திய தன்மேலாண்மை வகுப்புகளின் நான்காண்டு முடிவுகள் 1993-இல் வெளியாயின. வகுப்புக்கு வந்தவர்களுக்கு வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவரைப் பார்க்கப் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே காலத்தில் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது. நோய் தன் வழியில் முன்னேறிக்கொண்டிருக்க, அவர்கள் பட்ட வலி குறைந்துகொண்டிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு மட்டுமே பலன் என்றுதான் லோரிக் எதிர்பார்த்தார். ஆனால் "என்னால் இதைச் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை கூடியதோடுதான் பலன் நெருக்கமாக ஒட்டியிருந்தது. இது என் முதல் நாள் குறிப்பை ஓரளவு அசைக்கிறது. அன்று மாத்திரைப் பெட்டியையே முழுப் பாதையாக எண்ணும்படி எழுதினேன்; நம்பிக்கைக்கும் தனியாக ஒரு வேலை இருக்கிறது. அந்த நம்பிக்கை வகுப்பறையில், சிறு வேலைகளைச் செய்து பார்த்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "தைரியமாக இரு" என்று அறிவுரை கேட்டு வரவில்லை.

24 பிப்ரவரி 2024, காலை 8.05

கேள்வி கேட்டவர் இன்று முக்கியமான செய்தி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். வாய்ப்புண் வந்ததால் தாயார் முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுவாராம். மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்வதும் இல்லையாம். இத்தனை நாள் நாம் தேடியது இங்கே இருக்கிறது.

வாய்ப்புண் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுதான். அதற்கு வழிகள் உண்டு: ஃபோலிக் அமிலத்தின் அளவை மாற்றுவது, மருந்தின் அளவைக் குறைப்பது, ஊசியாகப் போடுவது, வேறு மருந்துக்கு மாறுவது. எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு, நின்ற வாரங்கள் எவை என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுசெய்து அளவைக் கூட்டக்கூடும். அடுத்த முறை நீங்களும் உடன் போங்கள். "அம்மா பயந்துகொண்டு சொல்லவில்லை டாக்டர், வாய்ப்புண்ணால் சில வாரம் விட்டுவிட்டார்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் கடைசியாக எப்போது பரிசோதனை நடந்தது என்பதையும் கேளுங்கள். வாரம் ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மாத்திரை அது. தவறிப்போய்த் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பெரிய எழுத்தில் எழுதி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

24 பிப்ரவரி 2024, இரவு 9.50

பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். வாதாட வேண்டாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: மாத்திரைக் கிழமையன்று மாலையில் தொலைபேசியில் அழைத்து, "போட்டுக்கொண்டாயா, வாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். தங்கைமேல் அக்கறை இல்லாதவர் இவ்வளவு பேசமாட்டார். மருத்துவரைப் பார்த்தபின் அவர் மருந்தை என்ன செய்தார் என்று இங்கே எழுதுங்கள். ஊசிக்கு மாற்றினார் என்றால், வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் முறையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.